போபாலை விபத்து என்று என்னால் சொல்ல முடியாது

நேற்று ஒரு நண்பரோடு பெரிய வாக்குவாதம். "கத்தியால குத்தினவனையும் கம்பெனி நடத்துறவனையும் ஒரே தராசுல வைக்காதீங்க. அவன் கொல்லணும்னு நினைச்சு கொல்றான். இவங்களுக்கு நடக்கறது விபத்து" என்றார். நல்ல மனிதர், யோசித்துத்தான் சொன்னார். ஆனால் எனக்கு இரவெல்லாம் போபால்தான் நினைவில் ஓடியது.

நான் பல வருடம் ஒரு ரசாயன ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். போபாலில் விஷவாயு கசிந்து ஊரையே தாக்கிய 1984 டிசம்பர் 2 இரவைப் பற்றி எப்போது படித்தாலும் என் மனசு போய் நிற்பது இயந்திரங்களிடம்தான். யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டியில் சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் என்ற, பூச்சிக்கொல்லி தயாரிக்கப் பயன்படும் நச்சு ரசாயனம் இருந்தது. எப்போதும் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய சரக்கு அது. குளிரூட்டும் இயந்திரத்தைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். கசியும் வாயுவை எரிக்க ஃப்ளேர் டவர் உண்டு. அதற்குப் போகும் குழாயில் ஒரு துண்டைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. காஸ்டிக் சோடாவால் வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் ஓடவில்லை. கடைசியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள், வாயு வெளியேறிய உயரத்துக்கு அது எட்டவே இல்லை.

ஆலையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இத்தனையும் தானாக நின்றுபோகாது. யாரோ நிறுத்தச் சொல்ல வேண்டும், யாரோ சரி என்று கையெழுத்துப் போட வேண்டும்.

ஆபத்து தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1981 டிசம்பரில் அதே ஆலையில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982இல் தாய் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய குழுவே குறைகளை எழுதிக்கொடுத்தது. அதே வருடம் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் இந்த நகரத்தைக் காப்பாற்றுங்கள் என்று எழுத ஆரம்பித்தார். ஆலைக்கு எதிரிலேயே குடிசைகள்.

அந்த ரசாயனத்தோடு தண்ணீர் கலந்ததால்தான் தொட்டி சூடேறி வாயு வெளியே வந்தது. தொட்டிக்குள் தண்ணீர் போனது ஒரு தொழிலாளியின் நாசவேலை என்பது நிறுவனத்தின் வாதம். சரி, ஒரு பேச்சுக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். அப்புறம் வந்ததைத் தடுக்க வேண்டிய மூன்று சாதனங்களும் செயல்படாமல் கிடந்ததற்கு யார் பொறுப்பு?

இறந்தவர்கள் என்று அரசு முதலில் சொன்ன கணக்கு 2,259 பேர். பிறகு அது 3,787 ஆனது. பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் சொல்வது இதைவிடப் பல மடங்கு.

நண்பரின் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பொய்க்கணக்கு எழுதுகிற கம்பெனியையும் வரி ஏய்க்கிறவர்களையும் நான் கொலைகாரர்கள் வரிசையில் நிறுத்த மாட்டேன். நான் பேசுவது, ஆட்கள் சாகக்கூடும் என்று தெரிந்தே செலவைக் குறைப்பதைப் பற்றி மட்டும். எதிரே நிற்பவன் மேல் இருக்கும் வெறுப்பில் ஒருவன் குத்துகிறான். இவர்களுக்கு அந்தக் குடிசைக்காரர்கள் மேல் வெறுப்புகூட இல்லை, அவர்களை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. இதை எப்படிச் சின்னக் குற்றம் என்று சொல்வது? எனக்குப் புரியவில்லை.

இது என் கோபம் மட்டும் இல்லை. கொல்லும் நோக்கம் இல்லாவிட்டாலும், சாவு வரலாம் என்று தெரிந்து செய்தால் பத்து வருடம் வரை சிறை என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியிலேயே இருந்தது. போபால் வழக்கில் முதலில் சுமத்தியதும் அதைத்தான். 1996இல் உச்ச நீதிமன்றம் அதை 304ஏ ஆக இறக்கியது. கவனக்குறைவாக லாரி ஓட்டி ஆளைக் கொன்றவர்மேல் போடுகிற பிரிவு அது. அதிகபட்சம் இரண்டு வருடம்.

தாய் நிறுவனத்தின் தலைவர் வாரன் ஆண்டர்சன் 1984 டிசம்பர் 7 அன்று போபாலில் கைதானார், அன்றே ஜாமீனில் வெளியே வந்தார். நாட்டை விட்டுப் போனவர் 2014இல் இறக்கும் வரை இந்திய நீதிமன்றத்தின் படியேறவில்லை. இந்திய நிர்வாகிகள் ஏழு பேருக்கு 2010 ஜூன் 7 அன்று இரண்டு வருடத் தண்டனை விதித்தார்கள். இருபத்தைந்து வருடம் காத்திருந்த பெண்கள் நீதிமன்றத்துக்கு வெளியே நின்றிருந்தார்கள். அன்றைக்கே ஜாமீன் கிடைத்து, ஏழு பேரும் வீட்டுக்குப் போனார்கள்.