நம்பர் சொல்லாவிட்டால் பில் வராதா?

போன வாரம் அம்மாவோடு ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். பில் போடும் பெண் "போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்றதும், அம்மா பத்து எண்ணையும் கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அவருக்குக் காது மந்தம், சத்தமாகத்தான் பேச வரும். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எதற்கு நம்பர் என்று கேட்டேன். "போடாட்டி பில் வராது சார்." அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அதை அப்படி அமைப்பது என்னைப் போன்றவர்கள்தான்.

மதுரையில் சின்னக் கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் போட்டுக் கொடுப்பது என் தொழில். அந்த நம்பரெல்லாம் எங்கே போகிறது என்று தினமும் பார்க்கிறேன். முதலாளியின் போனில் எக்செல் ஃபைலாகக் கிடக்கும். தீபாவளி வந்தால் எஸ்எம்எஸ் அனுப்பித் தருகிறவருக்கு அப்படியே வாட்ஸ்அப்பில் போகும். அதற்கப்புறம் யார் கையில் என்று யாருக்கும் தெரியாது.

நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்குச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடைகளைத் தொடுகிற பகுதிகள் 2027 மே மாதம் அமலுக்கு வரும். தகுந்த பாதுகாப்பில்லாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

இந்தத் தொகையைக் கேட்டு ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி ஆடிப்போய்விட்டார். அது உச்சவரம்பு, தவறின் அளவைப் பார்த்துத்தான் விதிப்பார்கள் என்றேன். அப்புறம் அவருடைய பட்டியலைத் திறந்தோம். நாலாயிரம் நம்பர். வீட்டுக்குச் சரக்கு அனுப்புவது நூற்றுச் சொச்சம் பேருக்கு. மீதியை எதற்கு வைத்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அழித்துவிட்டோம், பத்து நிமிட வேலை. "சட்டம் வியாபாரத்தை நசுக்கும்" என்கிறவர்கள் முதலில் தங்கள் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். கையில் இல்லாத நம்பர் கசியாது, அதைக் காக்கச் செலவும் இல்லை.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். அபராதப் பணம் முழுக்க அரசின் கஜானாவுக்குப் போகிறது. தகவல் கசிந்து நஷ்டப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு அதற்கு வழி வைத்திருந்தது, அதையும் நீக்குகிறார்கள். எண் கசிந்து மோசடிக்காரனிடம் பணம் இழந்தவருக்கு என்ன பதில்? இதை மாற்றியே ஆக வேண்டும்.

சரி, என்னால் முடிந்ததை ஆரம்பித்துவிட்டேன். நான் போட்டுக் கொடுத்த கடைகளில் நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பில் வருகிற மாதிரி மாற்றி வருகிறேன். இதுவரை பதினொரு கடை முடிந்தது.