டி டிரைவைச் சியோடு சேர்க்க முதல் இதை வாசியுங்கள்

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, டியில் 300 ஜிபி சும்மா கிடக்கிறது, இரண்டையும் எப்படி ஒன்றாக்குவது? பழைய கொம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. என் பதில் பலருக்குப் பிடிக்காது. பார்ட்டிஷன்களை, அதாவது ஒரே டிஸ்க்கை வெட்டிய துண்டுகளை, ஒன்றுசேர்ப்பது என்று உண்மையில் ஒரு வேலையே இல்லை. ஒன்றை அழிக்கிறோம், மற்றதை அந்த இடத்துக்குள் நீட்டுகிறோம். வேலியைப் பிடுங்கினால் இரண்டு வளவு ஒன்றாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். இங்கே பக்கத்து வீட்டையே இடிக்கவேண்டும். "மேர்ஜ்" என்று பட்டன் வைத்திருக்கும் சொப்ட்வெயார்களும் டியில் உள்ளதைச் சியில் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு இதையேதான் செய்கின்றன. சி ஏற்கெனவே நிரம்பி வழியும்போது அந்தத் தள்ளுமுள்ளு எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த நிலைமைக்கு முதல் காரணம் கடைகளின் பழக்கம். 500 ஜிபி டிஸ்க்கை நாலாக வெட்டி, சிக்கு 50 அல்லது 60 கொடுத்து அனுப்புவார்கள். எக்ஸ்பி காலத்தில் அது தாராளம், அதற்கு 1.5 ஜிபி போதும். 64 பிட் வின்டோஸ் 7 கேட்டது 20 ஜிபி. வின்டோஸ் 10 கேட்பது 32, அதுவும் ஆகக் குறைந்தது. அளவு மாறியும் வெட்டுகிற கை மாறவில்லை. "டியில் வைத்தால் பத்திரம்" என்ற நம்பிக்கையும் அரைகுறை. சியை மட்டும் ஃபோர்மட் அடிக்கும்போது டி தப்பும், சரி. டிஸ்க்கே செத்தால் நாலும் ஒன்றாகத்தான் போகும்.

எதையும் வெட்டி ஒட்ட முதல் சியைக் கூட்டித் துப்புரவாக்குங்கள். பழைய வின்டோஸின் மிச்சமான வின்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர் இருந்தால் டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் ஃபைல்களையும் தெரிவுசெய்து அழியுங்கள். அதுமட்டுமே 10 ஜிபியைத் தாண்டும். ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அணைவது) பாவிக்காதவர்கள் அதை நிறுத்திவிடலாம். அதன் ஃபைல் வின்டோஸ் 7இல் ரேமின் 75 சதவீதத்தையும், 10இல் 40 சதவீதத்தையும் பிடித்துவைத்திருக்கும். டொகியூமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் ரைட் கிளிக் செய்து, புரொப்பட்டீஸில் லொகேஷன் என்ற இடத்துக்குப் போனால் அவற்றை அப்படியே டிக்கு நகர்த்தலாம். பாதிப்பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லையா? அப்படியென்றால் முதலில் டிஸ்க்கின் உடம்பைப் பாருங்கள். அதைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சொப்ட்வெயார் இலவசம். கெட்ட செக்டர்களை (டிஸ்க்கின் சிறு துண்டுகளை) எண்ணிக் காட்டும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் கடைசி நிரல் பூச்சியமாக இருக்கவேண்டும். (அந்த எண்கள் வழமையாகப் பதினாறின் அடியில் காட்டப்படும், 10 என்றால் 16. பூச்சியம் எப்படியும் பூச்சியம்தான்.) சி5 பூச்சியம் இல்லையென்றால் வாசிக்க முடியாமல் தடுமாறும் செக்டர்கள் இருக்கின்றன என்று அர்த்தம். அந்த டிஸ்க்கில் பார்ட்டிஷன் வேலையே வேண்டாம். உள்ளதைக் கொப்பி பண்ணி வெளியே எடுங்கள்.

டிஸ்க் சுகமாக இருந்தால் வழி இது. டியில் உள்ள அத்தனையையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குக் கொப்பி பண்ணுங்கள். கட் வேண்டாம், கொப்பி. இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், நாலைந்து ஃபைலைத் திறந்தும் பாருங்கள். டியில் இன்ஸ்டோல் பண்ணிய புரோகிராம்கள் கொப்பியில் பிழைக்காது, திரும்பப் போடவேண்டும். கொழும்பில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் டைப்செட்டிங் செய்பவர்களுக்கு இன்னொன்று: பாமினி போன்ற எழுத்துருக்களையும் தனியாக எடுத்துவையுங்கள். அவை இருப்பது சியில். வேலை பிழைத்து வின்டோஸைப் புதிதாகப் போட நேர்ந்தால், அந்த எழுத்துரு இல்லாமல் பழைய கல்யாணக் கார்ட் ஃபைல் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும்.

பிறகு மை கம்ப்யூட்டரில் (வின்டோஸ் 10இல் திஸ் பிசி) ரைட் கிளிக், மனேஜ், டிஸ்க் மனேஜ்மென்ட். கீழே தெரியும் படத்தில் சிக்கு உடனே வலப்பக்கம் இருப்பது எது என்று பாருங்கள். எழுத்து வரிசையை நம்பவேண்டாம், சிக்குப் பக்கத்தில் ஈ இருக்கலாம். வின்டோஸ் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் வெற்றிடத்துக்குள் மட்டுமே சியை நீட்டும். ஆகவே பலிகொடுக்கவேண்டியது பக்கத்தில் இருப்பதைத்தான். தூரத்து ஈ காலியாக இருந்தால் டியின் சாமான்களை ஈக்கு மாற்றிவிட்டு டியை அழியுங்கள். டிலீட் வொலியூம், சியில் ரைட் கிளிக், எக்ஸ்டெண்ட் வொலியூம். ஒரு நிமிடம்கூட ஆகாது, ஏனென்றால் எந்தத் தரவும் இடம் மாறவில்லை.

டியை அழித்தும் எக்ஸ்டெண்ட் மங்கியே கிடக்கிறதா? நிறத்தைப் பாருங்கள். இளம்பச்சையில் "ஃப்ரீ ஸ்பேஸ்" என்று இருந்தால் அது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனின் வயிற்றுக்குள் இருக்கும் இடம். எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் அட்டவணை முறையில் நாலு பார்ட்டிஷனுக்குத்தான் அட்டவணையில் இடம், அதனால் ஒன்றைப் பெட்டியாக்கி உள்ளே பலதை வைப்பார்கள். பெட்டிக்குள் வேறொன்றும் இல்லையென்றால் அந்தப் பச்சையையும் ஒருமுறை டிலீட் பண்ணுங்கள், கறுப்பாகும். உள்ளே ஈ இருந்தால் வின்டோஸால் முடியாது. ஜிபார்ட்டெட் லைவ் என்ற இலவசப் பார்ட்டிஷன் கருவியை பென் டிரைவில் போட்டு பூட் பண்ணி, பெட்டியின் இடது ஓரத்தை மட்டும் உள்ளே தள்ளுங்கள். ஈ அசையாது, ஆகவே இதுவும் விரைவான வேலைதான்.

வின்டோஸ் சிலவேளை "பேசிக் டிஸ்க்கை டைனமிக் டிஸ்க்காக மாற்றுகிறேன்" என்று கேட்கும். அவசரத்தில் யெஸ் அமத்துபவர்கள் நிறையப் பேர். அமத்தவேண்டாம். அதே டிஸ்க்கில் இருக்கும் வேறு ஓஎஸ் பூட் ஆகாமல் போகும், பல சொப்ட்வெயார்களுக்கு டைனமிக் பிடிக்காது, வின்டோஸின் சொந்த வழியில் பேசிக்குக்குத் திரும்ப எல்லா வொலியூமையும் அழிக்கவேண்டும்.

சிக்கும் வெற்றிடத்துக்கும் நடுவில் ரிகவரி பார்ட்டிஷன் (வின்டோஸ் பழுதானால் மீட்க உதவும் பகுதி) குந்தியிருப்பது இன்னொரு தலையிடி. டிஸ்க் மனேஜ்மென்ட் அதைத் தொட விடாது. ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளையால் ரிகவரியை டிஸேபிள் பண்ணி, பிறகு டிஸ்க்பார்ட் (diskpart) என்ற கட்டளைக் கருவியில் ஓவர்ரைடு (override) என்ற சொல்லைச் சேர்த்து அழிக்கலாம். சியை நீட்டியபின் திரும்ப எனேபிள் பண்ணினால் அது சிக்குள்ளேயே குடியேறும். லப்டொப் கொம்பனி போட்டுத்தந்த பல ஜிபி ரிகவரி என்றால் அழிப்பதற்கு முன் யோசியுங்கள், ஃபெக்டரி நிலைக்குத் திரும்பும் வழி அதோடு போய்விடும்.

தரவோடு சேர்த்துப் பார்ட்டிஷனை இடம்பெயர்ப்பதைத்தான் நான் அடியோடு எதிர்க்கிறேன். 200 ஜிபியை ஒரே டிஸ்க்கில் வாசித்து அதிலேயே எழுதும்போது நொடிக்கு 30, 40 எம்பி கிடைத்தால் பெரிய விஷயம். அதாவது ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம். அதற்குள் கரண்ட் போனால் பாதி அங்கே, பாதி இங்கே. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததற்கு முழு நாடும் இருண்ட ஊர் இது. 650 விஏ யூபிஎஸ் தாங்குவது சில நிமிடங்கள், பற்றரி கிழடென்றால் அதுவும் இல்லை. கட்டாயம் என்றால் ஜிபார்ட்டெட்டில் செய்யுங்கள். வின்டோஸ் 8 அல்லது 10 என்றால் ஷிப்டை அமத்தியபடி ஷட்டவுன் கொடுத்துவிட்டு பூட் பண்ணுங்கள். இல்லாவிட்டால் முழுதாக அணையாமல் விடும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக அந்த வின்டோஸ் பார்ட்டிஷன் இன்னும் பாவனையில் இருக்கிறது என்று ஜிபார்ட்டெட் மறுக்கும்.

எக்ஸ்பி தன் சியைத் தானே நீட்டாது. டிஸ்க்கைக் கழற்றி வின்டோஸ் 7 அல்லது 10 உள்ள கொம்பியூட்டரில் இரண்டாம் டிஸ்க்காகப் பொருத்தினால், அங்கே அது வெறும் சாதாரண வொலியூம், நீட்டிவிடலாம். எழுத்து மாறித் தெரியும், அளவை வைத்து அடையாளம் காணுங்கள். அகலப் பட்டிபோன்ற ஐடிஈ கேபிள் உள்ள பழைய டிஸ்க் என்றால் யூஎஸ்பி அடப்டர் வேண்டும்.

தவறான பார்ட்டிஷனை அழித்துவிட்டால் அந்த இடத்தில் எதையும் உருவாக்கவோ ஃபோர்மட் பண்ணவோ வேண்டாம். அழிந்தது அட்டவணையில் ஒரு வரிதான். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புச் சொப்ட்வெயார் பெரும்பாலும் அந்த வரியைத் திரும்ப எழுதித் தரும்.

இவ்வளவு பாடுபட முதல் கொம்பியூட்டர் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் ஒரு நடை போய் 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை விசாரியுங்கள். சியை அதற்குக் குளோன் பண்ணும்போதே (அப்படியே நகலெடுக்கும்போதே) அளவைப் பெருப்பிக்கலாம். பழைய டிஸ்க்கைப் பெட்டியிலேயே விட்டு, சில கிழமை எல்லாம் சரியாக ஓடியபின் அதன் பழைய சியைத் துடைத்துச் சாமான் வைக்கப் பாவியுங்கள். சேர்த்து நீட்டிய சி இடத்தைத்தான் தரும், வேகத்தைத் தராது. சாட்டா 2 என்ற மெதுவான டிஸ்க் இணைப்பு உள்ள பழைய போர்டிலும் எஸ்எஸ்டி வித்தியாசம் தெரியும்.