அப்பீல் போட்டால் மானம் போய்விடுமா?

நேற்று நம் வாட்ஸப் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. மற்றவர்களுக்கு: ரெண்டாங்கிளாஸ் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியின் அட்வான்ஸ்டு ப்ரோகிராமில் இடமில்லை என்றார்கள், அந்த முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி அப்பீல் போட்டேன். பேச்சு அதைப் பற்றித்தான். "ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்கு அப்பீலா? நம்ம ஆளுங்க மானத்த வாங்காதீங்க" என்று குழுவில் ஒரு அண்ணன் போட்டதும் எத்தனை பேர் கைதட்டினீர்கள்! அங்கே பதில் எழுத மனசு வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில், வர்ஜீனியாவில் எங்கள் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அட்வான்ஸ்டு ப்ரோகிராமுக்கு, அதாவது கூடுதல் திறமையுள்ள பிள்ளைகளுக்கான வகுப்புக்கு, எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். காகேட் (CogAT) என்ற சிந்தனைத் திறன் தேர்வின் மதிப்பெண், டீச்சர் கொடுக்கும் மதிப்பீடு, பிள்ளை செய்த சில வேலைகள். இந்த ஃபைலைப் படித்து முடிவெடுக்கும் குழு பிள்ளையைப் பார்ப்பதே இல்லை. புதுத் தகவல் இருந்தால் அப்பீல் செய்யலாம் என்று விதியிலேயே இருக்கிறது. நான் கேட்டது அவ்வளவுதான்: இன்னொரு தடவை பாருங்கள்.

எங்கள் வீட்டில் தமிழ்தான். காகேட்டில் கணக்கும் வடிவமும் நன்றாக வந்து, வாய்மொழிப் பகுதி இறங்கிவிட்டது. டீச்சரும் 'வகுப்பில் அதிகம் பேசுவதில்லை' என்று எழுதிவிட்டார். பேசாத பிள்ளை யோசிக்காத பிள்ளையா?

மார்கழியில் 7 புள்ளி, ஊடு புள்ளி 4 வரை வைத்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணி, "37ம்மா" என்றாள். 9 புள்ளி வைத்தால் எத்தனை என்று சும்மா கேட்டேன். வைக்கவே விடவில்லை. "சுத்தி இன்னொரு வரிசைதானே, அதுல 24 வரும். அப்போ 61." அவள் அதை எழுதிக் காட்டிய காகிதத்தைத்தான் அப்பீலோடு வைத்தேன். இதில் எங்கே பேராசை?

'எல்லா அம்மாவுக்கும் தன் பிள்ளை மேதைதான்' என்பீர்கள். நான் மேதை என்று சொல்லவில்லை, பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்கிறேன். டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். புளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில், இந்த மாதிரி வகுப்புக்கு டீச்சரோ பெற்றோரோ பரிந்துரைத்தால் மட்டும் என்றிருந்ததை மாற்றி, ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகள் எல்லாருக்கும் தேர்வு வைத்தார்கள். அதுவரை கண்ணில் படாத ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், ஹிஸ்பானியப் பிள்ளைகள் எவ்வளவோ பேர் தகுதி பெற்றார்கள். ஆகவே கண் தவறும். தவறும் என்பதால்தான் அப்பீல்.

அப்பீலோடு வைக்கத் தனியாக ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கக் காசு இருப்பவர்களுக்குத்தானே இந்த அப்பீல் என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நாங்கள் அந்த டெஸ்ட் எடுக்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆனால் ஊரில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே மறுகூட்டலுக்கு ஓடாத வீடு உண்டா? விடைத்தாள் நகல் வாங்கி, வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டி, மறுமதிப்பீடு போட்டு வந்தவர்கள்தானே நாம்? என் தம்பிக்கு வேதியியலில் மதிப்பெண் கூடி வந்தபோது அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். அன்றைக்கு யாரும் மானத்தைப் பற்றிப் பேசவில்லை. இங்கே வந்ததும் வெள்ளைக்காரர் என்ன நினைப்பாரோ என்று பயம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். "ஆவரேஜ் பிள்ளைய ஆவரேஜா வளர விடுங்க" என்றீர்களே அண்ணா, அதைத்தான் தாங்க முடியவில்லை. போன பொங்கலுக்கு உங்கள் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை அவள். நீங்கள் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஏன் பேசவே மாட்டேங்குற?"

முடிவு இன்னும் வரவில்லை. இல்லை என்று வந்தால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிப்பேன். குழுவில் வாயைத் திறக்காமல் எனக்குத் தனியாக மெசேஜ் போட்ட அம்மாக்களே, அப்பீல் கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் கேளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடுங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.