நாற்பது வினாடி மஞ்சள் தண்ணீர்

சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஓர் இளம் ஆசிரியை மஞ்சள் தண்ணீரைச் சிவக்கவைத்துப் பாடம் நடத்திய வீடியோ, பினாங்கில் பட்டர்வொர்த்திலிருந்து நிபோங் திபால் வரை எல்லா வாட்சாப் குழுக்களிலும் ஓடிவிட்டது, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. ஆனால் பெற்றோரில் ஒரு அண்ணன் மைக்கைப் பிடித்து, "பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறோம், கோமாளி வித்தை பார்க்க இல்லை" என்றதும் கைதட்டினீர்களே, அதுதான் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அந்த ஆசிரியை மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

அவள் நடத்தியது பாடம். இதை இந்தப் பதிவில் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

வீடியோ நாற்பது வினாடி. வகுப்பு ஒரு மணி நேரம். மூன்றாம் ஆண்டு அறிவியல், அமிலமும் காரமும். கறிக்குழம்பு கொட்டிய வெள்ளைச் சட்டையை அம்மா சோப்புப் போட்டுத் துவைக்கிறாள், கறை திடீரென்று சிவப்பாகிறது, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வீடே அமளியாகிறது. இந்தக் கதையோடுதான் ஆரம்பித்தாள். அப்புறம் மஞ்சள் கலந்த தண்ணீரை இன்னொரு கிளாசில் ஊற்றினாள். அதன் அடியில் சுண்ணாம்புத் தெளிவு கொஞ்சம் இருந்தது, பிள்ளைகளுக்குத் தெரியாது. தண்ணீர் சிவந்தது. எலுமிச்சை பிழிந்தாள், மறுபடி மஞ்சளானது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், அமிலம் சேர்ந்தால் பழைய நிறத்துக்கே வந்துவிடும். பிள்ளைகள் கூச்சல் போட்ட இடத்தில் வீடியோ முடிகிறது.

அதற்கு அடுத்து நடந்ததை யாரும் அனுப்பவில்லை. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இது ஆரத்தித் தண்ணிதானே! எங்க பாட்டி கரைப்பாங்க!" என்றான். வாய் திறக்காத பிள்ளை அவன். அப்புறம் சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், வினிகர், சமையல் சோடா என்று குழுக் குழுவாகச் சோதித்து அட்டவணை போட்டார்கள். அந்த நோட்டுப் புத்தகங்களை நான் வாங்கிப் பார்த்தேன். கைதட்டியவர்களில் ஒருவராவது பார்த்தீர்களா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால் மரம் வெட்டினார். எங்கள் பள்ளியில் ஒரே அறையைப் பலகைத் தடுப்பு வைத்து இரண்டு வகுப்பாக்கியிருந்தார்கள், நான் எப்போதும் கடைசி வரிசை. வாசித்தால் திக்கும், அதனால் யாரும் என்னைக் கேட்பதில்லை. ஒரு நாள் எங்கள் சார் வீட்டிலிருந்து மங்குக் கோப்பை கொண்டுவந்து, அதற்குள் இருபது சென் காசைப் போட்டு, கோப்பையின் விளிம்பு காசை மறைக்கிற வரை எங்களைப் பின்னால் நகரச் சொன்னார். "காசு போச்சு, இந்தா வருது பார்" என்று மெல்லத் தண்ணீர் ஊற்றினார். யாரும் அசையவில்லை, ஆனால் காசு எழுந்து வந்து கண்ணில் பட்டது. "ஏன்?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் மணியடித்ததும் போய்விட்டார். அன்று சாயங்காலம் அம்மா தேத்தண்ணீர் குடிக்கிற கோப்பையில் எத்தனை முறை செய்து பார்த்தேன் என்று கணக்கில்லை. தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது என்று மறுநாள் வகுப்பில் திக்காமல் சொன்னேன். நான் ஆசிரியரானது அந்தக் கோப்பையால். யாராவது அன்று அவரைக் கோமாளி என்று சொல்லி நிறுத்தியிருந்தால்?

சரி, நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும்.

"எல்லா ஆசிரியருக்கும் இது கைவருமா?" வராது. வராதவர்கள் வேறு விதத்தில் நன்றாக நடத்தட்டும், வருகிறவர்களை ஏன் அடிக்கிறீர்கள்?

"பிள்ளைகளுக்கு வித்தைதான் ஞாபகம் இருக்கும், பாடம் இருக்காது." இது நியாயமான கேள்வி. எனக்கே அப்படி நடந்திருக்கிறது. மூன்று இலக்க எண் ஒன்றை எழுதி, திருப்பிப் போட்டுப் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வந்த விடையை மறுபடி திருப்பிக் கூட்டினால் 1089 வரும். 742 என்றால் 247-ஐக் கழிக்க 495, அதோடு 594-ஐக் கூட்ட 1089. அந்த எண்ணை முன்கூட்டியே தாளில் எழுதி ஒரு பிள்ளையின் சட்டைப் பையில் வைத்துவிடுவேன். முதல் தடவை செய்தபோது டீச்சருக்கு மந்திரம் தெரியும் என்பதோடு முடிந்துவிட்டது, கணக்கு ஒன்றும் ஏறவில்லை. தவறு என்னுடையதுதான். அடுத்த தடவை, "இந்த மந்திரத்தை உடையுங்கள்" என்று விட்டுவிட்டேன். ஒருத்தி 333 போட்டுப் பூஜ்யம் கொண்டுவந்தாள். 544 போட்டவனுக்கு 99 வந்து, கூட்டினால் 198. "டீச்சர் தோத்துட்டாங்க!" என்று வகுப்பே எழுந்து நின்றது. 99-ஐ 099 என்று எழுதித் திருப்பிப் பாருங்கள் என்றேன். 990. கூட்டினால் 1089. இடமதிப்பில் பூஜ்யத்துக்கு என்ன வேலை என்று நான் பத்து நாள் கத்தியும் புரியாதது அந்த ஒரு வரியில் புரிந்தது. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு ஐந்து கொடுத்தாலே முனகுகிறவர்கள் அன்று ஓய்வு மணி அடித்தும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சிரித்தால் கண்டிப்பு போய்விடும்." யாருக்குப் பயந்து யார் என்ன படித்தார்கள், சொல்லுங்கள். ரோத்தான் பிரம்புக்குப் பயந்து என் அண்ணன் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தினான். அவனுக்கு அந்தக் கோப்பையைக் காட்ட யாரும் இல்லை.

"முன்பெல்லாம் இப்படியா இருந்தது, மதிப்பெண் வந்ததே!" ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 1988-இல் வந்தது, 2021-இல் எடுத்தே விட்டார்கள். தேர்வு போன பிறகும் எத்தனை ஏ என்றுதான் கேட்கிறீர்கள். வகுப்பறை மதிப்பீடு என்பது பிள்ளை செய்வதையும் பேசுவதையும் பார்த்துப் போடுவது. பேசாத பிள்ளையைப் பேசவைத்தவளுக்கா இந்தத் தண்டனை?

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைத்தான் மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் என்கிறோம். 2016-இல் இருநூறு ஆண்டு என்று மாலை போட்டுக் கொண்டாடினோம். இன்று 150 பிள்ளைகள்கூட இல்லாத தமிழ்ப்பள்ளிகள் எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொரு ஜனவரியும் முதலாம் ஆண்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம். சீனப் பள்ளிக்குப் போகிற பிள்ளையைக் கூப்பிட்டுவர வீடு வீடாக ஏறி இறங்குகிறோம். அந்த இளம் ஆசிரியை போன மழையில் என்னோடு அடுக்குமாடியில் நான்கு மாடி ஏறியவள். சொந்தப் பணத்தில் மஞ்சளும் எலுமிச்சையும் வாங்கியவள். அவளுக்கு நம் சமூகம் கொடுத்தது ஒரு மைக்கும் ஒரு கைதட்டலும்.

நேற்று ராத்திரி போன் செய்தாள். திங்கட்கிழமை பாடநூலைத் திறந்து பக்கத்தை வாசிக்கவைத்தாளாம். பின்வரிசையிலிருந்து அந்த ஆரத்திப் பையன், "டீச்சர், இன்னிக்கு மஞ்சள் இல்லையா?" என்று கேட்டிருக்கிறான். இல்லை என்றாளாம். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை, எனக்கும் முடியவில்லை.

அந்த அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மேல் எனக்குப் பகை கிடையாது, உங்கள் மகளும் என் வகுப்பில்தான் இருக்கிறாள். வியாழக்கிழமை காலை எட்டரைக்கு நான்காம் ஆண்டுக்கு ஒளி விலகல் நடத்துகிறேன். தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டேன், நீங்கள் வரலாம் என்றார். முழு ஒரு மணி நேரமும் கடைசி வரிசையில் பிள்ளைகளோடு உட்காருங்கள். கோப்பை என்னிடம் இருக்கிறது. வரும்போது இருபது சென் காசு ஒன்று கொண்டுவாருங்கள்.