அவருக்கும் சௌகரியம், எல்லாருக்கும் சௌகரியம்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு, நேற்று என் படத்துக்குக் கீழே வந்து சண்டை போட்ட சொந்தக்காரர்கள் தெரிவித்துவிட்டார்கள். அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரே வரி: சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் மூச்சு நோயுள்ள என் அப்பாவைப் பந்தியிலிருந்து எழுப்பித் தனி ரூமில் உட்கார வைத்தார்கள், அது தப்பு என்றேன். சித்தப்பா சொன்ன ஒரு வாக்கியம் மூன்று நாளாகக் காதைவிட்டுப் போகவில்லை, அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறேன். "அவருக்கும் சௌகரியம், எல்லாருக்கும் சௌகரியம்."

அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைத்து நுரையீரல் கெட்டுப்போகிற நாள்பட்ட வியாதி. அம்மாப்பேட்டைப் பக்கம் ரைஸ் மில்லில் 30 வருஷம் கணக்கு எழுதினார். உமித் தூசி, நெல் சுணை, போதாததற்கு பீடி. பீடியை விட்டு 14 வருஷம் ஆகிறது, ஆனால் போன நுரையீரல் திரும்பி வராது. நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் மூக்கில் ஆக்சிஜன் குழாய். இதில் எதையும் நான் மறைக்கவில்லை. நுரையீரல் கெட்டுப்போன மனிதரைத் தனியாக உட்கார வைப்பது அவருக்கு ஓய்வு கொடுப்பதாகாது என்றுதான் சொல்கிறேன். அதைச் சொன்னதற்குத்தான் இவ்வளவு ரகளை.

டாக்டர் எனக்கு விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரைகிறது. சதை கரைந்த கால், நேற்று நடந்த அதே பத்தடிக்கு இன்று கூடுதல் காற்று கேட்கிறது. அதனால் இன்னும் அதிகமாக வாங்குகிறது. அதனால் இன்னும் உட்காருகிறார். நுரையீரல் அப்படியே இருக்க, கால் தேய்ந்தே ஆள் கட்டிலோடு போய்விடலாம். "நீங்க பேசாம உக்காருங்க அண்ணே, நாங்க பாத்துக்குறோம்" என்று அன்போடு சொல்கிறோமே, அந்த அன்பு செய்கிற வேலை இது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான்தான் செய்தேன். 2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. அன்று பூட்டிய கம்பிக் கதவு. அந்த ஜூனில், எட்டு வருஷம் கழித்து, பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்க வேண்டிய 12ஆம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்தார்கள். டெல்டாக்காரர்களுக்கு அந்தத் தேதி என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. சில நாளில் குடமுருட்டி ஆற்றுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவில் பையன்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். முதல் தண்ணீர் நுரையும் சருகும் குப்பையுமாகத்தான் வரும். அதைப் படித்துறையில் நின்று பார்ப்பது அப்பாவுக்கு ஒரு கணக்கு, வருஷாவருஷம். "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்மா. படித்துறை வரைக்கும்தானே." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம்பா என்றேன். அடுத்த வருஷம் படித்துறையில் இறங்க அவருக்குக் காலில்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். அதை டிவியில் பார்த்தார். பார்த்துவிட்டு சேனலை மாற்றினார், அவ்வளவுதான்.

"பூட்டி வெச்சதாலதான் இன்னிக்கு உங்கப்பா உசிரோட இருக்காரு" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இருக்கலாம். அந்த முதல் வருஷத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு சாவு விழுந்தது. ஆனால் 60 வயது தாண்டியவர்களுக்கு 2021 மார்ச்சிலேயே ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள், அப்பாவுக்கும் இரண்டு ஊசி ஆயிற்று. கதவு திறந்தது 2022 கடைசியில். இடைப்பட்ட காலத்தைக் கொரோனா கணக்கில் எழுத முடியாது. அது என் கணக்கு.

அந்த நாட்களில் அவர் பேச்சு குறைந்தது. நான் கவனிக்கவே இல்லை, அமைதியாக இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். சிநேகிதர்கள் போன் செய்வார்கள். மூச்சு வாங்குகிறவருக்குப் போன் பேசுவது மாடிப்படி ஏறுகிற மாதிரி. ஒரு வாக்கியத்தை இரண்டு தவணையாகத்தான் சொல்வார். நடுவில் நிறுத்தினால் எதிர்முனையில் இருப்பவர் "சரிண்ணே, ரெஸ்ட் எடுங்க, வெச்சிடறேன்" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த இடைவெளியில் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். போனில் யாரும் காத்திருப்பதில்லை. மெல்ல மெல்ல அழைப்புகள் நின்றன. அப்புறம் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் அந்தக் குட்டி மெஷின்தான் துணை. ஒரு நாளில் எத்தனை தடவை மாட்டுகிறார் என்று ஒருநாள் எண்ணினேன், 40ஐத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

ராத்திரிதான் மோசம். தனியாகப் படுத்திருக்கிறவருக்குத் தன் மூச்சுச் சத்தத்தைத் தவிர கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை. அதையே கேட்டுக்கொண்டிருந்தால் பயம் வரும். பயந்தால் வேகமாக இழுப்பார். வேகமாக இழுத்தால் உள்ளே போன காற்று முழுசாக வெளியே வருவதில்லை, நெஞ்சில் தங்கிவிடுகிறது. அடுத்த மூச்சுக்கு இடமிருக்காது. அந்த நேரத்தில் முதுகில் கை வைத்து, "உதட்டைக் குவிச்சு அடுப்பு ஊதுற மாதிரி மெதுவா ஊதுங்கப்பா" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். மருந்து இருக்கிறது, மெஷின் இருக்கிறது, ஆளும் வேண்டும்.

விவேக் மூர்த்தி அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது அந்த அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவராக இருந்தபோது 2023இல் தனிமையைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டார். மனிதத் தொடர்பு அற்றுப்போவது நாளுக்கு 15 சிகரெட் வரை குடிப்பதற்குச் சமமாக ஆயுளைத் தின்னும் என்று அதில் இருக்கிறது. படித்துவிட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்பா கையிலிருந்து பீடியைப் பிடுங்கி அடுப்பில் போட்டவள் நான். அப்புறம் கிட்டத்தட்ட மூன்று வருஷம் பற்றவைத்துக் கொடுத்தவளும் நானே.

இனி கேள்விகளுக்கு வருகிறேன்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. நடக்க வையுங்கள், நாலு பேரோடு விடுங்கள் என்று சொன்னவர் டாக்டர். தஞ்சாவூரில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டுத் தூரத்தை அளந்தார்கள். முதல் தடவை 145 மீட்டர். பத்து வாரம் காலுக்கும் கைக்கும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. அப்புறம் 210. நுரையீரல் ஒரு துளிகூடச் சரியாகவில்லை, தெரிந்துகொள்ளுங்கள். டீக்கடை 180 மீட்டர் என்பதுதான் எங்கள் வீட்டில் முக்கியமான செய்தி.

"கூட்டத்துல தொத்து வந்தா?" நியாயமான கேள்வி. சளி பிடித்தாலே இவருக்கு ஆஸ்பத்திரிதான். அதனால்தான் நிமோனியா ஊசி, வருஷாவருஷம் ஃப்ளூ ஊசி, மூஞ்சியில் மாஸ்க். ஹோமப் புகை அடங்கிய பிறகுதான் கூட்டி வந்தேன். ஆக்சிஜன் பக்கத்தில் தீ ஆகாது என்று குத்துவிளக்கு இருந்த பக்கமே போகவில்லை, வாசல் ஓரமாக ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்தோம். இருமிக்கொண்டே வந்து கை கொடுத்த மாமாவை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை.

"இது ஒட்டுமா?" இதைக் கேட்டவர் படித்தவர், அதனால் பெயர் சொல்லவில்லை. ஒட்டாது. சிஓபிடி வேறு, காசநோய் வேறு. காசநோய்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செங்கிப்பட்டி காசநோய் சானடோரியம் பேரைச் சொல்லிப் பயமுறுத்தி வளர்ந்த ஊர்தானே நம்முடையது. ஆஸ்பத்திரியில் தனியாக வைத்துப் பார்த்தாலும் வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் குணம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் வருவதில்லை என்று உலகத்துக்கே காட்டிய ஆய்வு நம் சென்னையில் நடந்தது. முடிவு வெளிவந்த வருஷம் 1959. மண்டபத்தில் அவருக்குத் தனி டம்ளர் வைத்தவருக்கு அப்போது இரண்டு வயது இருக்கும். தெரிந்துகொள்ள நிறையவே அவகாசம் இருந்தது.

"பாக்க ஒரு மாதிரி இருக்கு, சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க?" இதுதான் அசல் கேள்வி. மற்றதெல்லாம் இதற்குப் போட்ட சட்டை. அக்கறை என்று சொல்லாதீர்கள், சங்கடம் என்று சொல்லுங்கள், எனக்கும் புரியும். சிலிண்டரை மஞ்சப்பையில் போட்டுத்தான் எடுத்து வந்தேன், கல்யாணத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே என்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரியத்தைக்கும் இதே வியாதி. பீடியைத் தொட்டதில்லை, 40 வருஷம் விறகடுப்பை ஊதினார், அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. அவரை அழைக்கவே இல்லை. அழைக்கவில்லை என்பது நேற்றுவரை எனக்கே தோன்றவில்லை. அவர் வீட்டோடு கிடப்பது எங்கள் எல்லாருக்கும் அவ்வளவு பழகிவிட்டது. ஆகவே என்னை நியாயஸ்தி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, மறுபடி சொல்ல மாட்டேன் என்றேன், சொல்கிறேன். முதல் பந்தியில் என் பக்கத்து இலையில் அப்பா உட்கார்ந்துவிட்டார். உப்பு வைத்தாயிற்று, பச்சடி வைத்தாயிற்று. சித்தப்பா வந்து தோளில் கை போட்டு, "அண்ணே, உள்ள ஏசி ரூமு இருக்கு, வாங்க" என்று எழுப்பினார். பெண்ணுக்கு அலங்காரம் செய்த ரூம். மேஜையில் பவுடர் டப்பாவையும் ஹேர்பின்னையும் ஒதுக்கிவிட்டு இலையைப் போட்டார்கள். நான் இவரைக் காணோமே என்று தேடிக்கொண்டு போனபோது, அந்தப் பெரிய கண்ணாடியில் தன்னையே பார்த்தபடி ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்தில், 76 வயதில். எழுந்துவிடுங்கள் போகலாம் என்றேன். "இலைய பாதியில விட்டுட்டு எந்திரிக்கக் கூடாதும்மா" என்றார், மூச்சை எடுத்துக்கொண்டு, இரண்டு தவணையாக.

வண்டியில் வரும்போது, "ஏசி நல்லா இருந்துச்சு" என்றார். எனக்காகச் சொன்னது. அவருக்கு ஏசிக் குளிர் ஆகவே ஆகாது.

இதற்குக் கீழே வந்து என் வளர்ப்பைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாகப் பேசலாம். வளர்த்தவர் உள்ளேதான் படுத்திருக்கிறார். நேரில் வந்து, பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் நாலரை மணிக்கு "என்னம்மா, கெளம்பலாமா?" என்பார். டீக்கடை பெஞ்சில் அவருக்கு இரண்டு பேர் காத்திருப்பார்கள். இன்று புதன்கிழமை, மணி ஐந்தே கால். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் கேட்கவில்லை. சிலிண்டரை நிரப்பி வாங்கி வந்து திண்ணையில் வைத்திருக்கிறேன், அதே மஞ்சப்பையில்.