கல்புக்கு நரம்பணு சாட்சி வேண்டாம்

“இதயத்துக்குள் 40,000 நரம்பணுக்கள் இருக்கின்றன, இதயமும் சிந்திக்கிறது, குர்ஆன் அன்றே சொன்னதை விஞ்ஞானம் இன்று நிரூபித்துவிட்டது” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலப்பாளையம், பேட்டை, கடையநல்லூர் என்று நம் நெல்லைப் பக்கத்துக் குடும்பக் குழுக்களில் அது எட்டிப் பார்க்காத குழு இருக்குமா தெரியவில்லை. கீழே வரிசையாக ‘சுப்ஹானல்லாஹ்’. குர்ஆன் ‘கல்பு’ (உள்ளம், இதயம்) என்று சொல்வதை இந்தச் சதை இதயமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இதயத்தில் நரம்பணுக்கள் இருப்பது உண்மைதான். துடிப்பைச் சீராக வைத்திருக்க அவை உதவுகின்றன. அங்கே போய் ஈமானை (இறைநம்பிக்கையை) தேடுவது இஸ்லாமியப் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலிக்கே ஒவ்வாத காரியம்.

அவருடைய ‘இஹ்யா’ என்ற நூலின் 40 பாகங்களில் 21ஆவது, கல்பின் விந்தைகளைப் பற்றியது. ஆரம்பத்திலேயே விஷயத்தைப் பிரித்துவிடுகிறார். நெஞ்சின் இடப்பக்கம் இருக்கும் சதை ஒன்று; அது வைத்தியர் பாடு, ஆடுமாடுகளுக்கும் உண்டு, மய்யித்துக்கும் (இறந்த உடலுக்கும்) உண்டு. இன்னொன்று கண்ணுக்குப் படாதது; அறிவதும் அதுதான், நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டியதும் அதுதான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது எப்படிப்பட்டது என்பதில் பெரும்பாலோர் புத்தி திகைத்து நிற்கிறது என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். 1967-இல் கேப் டவுனில் ஒருவர் இதயத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்தார்கள். சதைதான் கல்பு என்றால், இதயத்தைப் பெற்றவருக்குள் இருந்த நம்பிக்கை அதன்பிறகு யாருடையது? அந்தச் செய்தியை அனுப்புகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கல்பு என்றாலே அழுகை, உருக்கம் என்று நினைப்பது இன்னொரு கோளாறு. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) ஹஸ்ரத்தின் (ஆலிமின்) குரல் தழுதழுத்தால் ‘கல்பைத் தொட்டுட்டார்’ என்கிறோம். சரி, தொடட்டும். ஆனால் குர்ஆன் கல்புகளைக் கண்டிக்கிற இடங்களைப் பாருங்கள்: கல்புகள் இருந்தும் விளங்கிக்கொள்வதில்லை (7:179), குருடாவது கண்கள் அல்ல, நெஞ்சுக்குள் இருக்கும் கல்புகள் (22:46). விளங்காமல் போவதுதான் அங்கே குற்றம்.

கஸ்ஸாலி சொல்லும் குளத்து உவமையை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரு குளத்துக்குக் கால்வாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவரலாம். கால்வாயை அடைத்துவிட்டு, தரையைத் தோண்டி ஊற்றுத் தண்ணீரும் எடுக்கலாம். ஊற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கும். கல்புதான் குளம், ஐம்புலன்கள் கால்வாய்கள். பாளையங்கால்வாயில் இன்று என்னென்ன மிதந்து வருகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த உவமை இன்னும் நன்றாகவே புரியும். இதைப் பிடித்துக்கொண்டு, ‘படிப்பெல்லாம் வேண்டாம், திக்ரு (இறைநினைவு) போதும், கல்பு தானே திறக்கும்’ என்று சொல்ல நம்மிடையே ஆட்கள் உண்டு. அதே பாகத்தில் எதிர்க்கட்சியையும் கஸ்ஸாலி பேசவிடுகிறார்: இல்மால் (கல்வியறிவால்) பக்குவப்படாத கல்பில் கற்பனைகள் வந்து ஒட்டிக்கொள்ளும், ஆள் வருடக்கணக்காக அதிலேயே கிடப்பான். இந்தப் பக்கத்தை யாரும் பயானில் சொல்லி நான் கேட்டதில்லை.

கஸ்ஸாலி தன் உடம்பிலேயே பட்டு எழுதியவர். 1095-இல் பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் பெரும் பேராசிரியராக இருக்கும்போதே நாக்கு எழும்பவில்லை, பாடம் நடத்த முடியவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. பார்த்த வைத்தியர்கள், இது கல்பில் இறங்கிய நோய், அங்கிருந்துதான் உடம்புக்குப் பரவியிருக்கிறது, கவலை தீர்ந்தால் ஒழிய மருந்து இல்லை என்று கைவிட்டார்கள். கஸ்ஸாலி வேலையைத் துறந்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்.

‘உடலில் ஒரு சதைத்துண்டு உண்டு, அது சீரானால் உடல் முழுதும் சீராகும்’ என்ற ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறதே என்று கேட்பீர்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி என்ன சொல்கிறார்? அறிவின் இடம் கல்பு என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவார்கள், ஆனால் இதில் கருத்து வேறுபாடு பிரசித்தம் என்கிறார். ஷாஃபி மத்ஹபில் (சட்ட வழிமுறையில்) அறிவின் இடம் கல்பு. ஹனஃபி மத்ஹபின் மூலவரான அபூஹனீஃபா இமாமோ மூளை என்றார்கள். காயல்பட்டினத்தில் ஷாஃபிகள் இருக்கிறார்கள், ஹனஃபிகளும் நம் பக்கத்தில் நிறைய. இரண்டு பேரும் ஒரே சஃப்பில் (வரிசையில்) நின்று தொழுகிறோம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். ‘விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது’ என்று அனுப்புகிறவர், அப்படியானால் அபூஹனீஃபா இமாம் குர்ஆனை மறுத்தார்களா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு அனுப்பட்டும்.