புகையிலை வரியை ஏற்றுங்கள், ஆனால் அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள்

புகையிலைக்கு வரி வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். இன்னும் ஏற்ற வேண்டும் என்பதே என் கட்சி. சில்லறை விலையில் 75 சதவீதமாவது வரியாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலான நாடுகள் இன்னும் அதை எட்டவில்லை. விலை ஏறினால் புகைப்பது குறைகிறது, அதுவும் கையில் காசு குறைவாக உள்ள இளைஞர்களிடம் அதிகமாகவே குறைகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கோபமெல்லாம், அந்தப் பணத்தை என்றைக்கும் வற்றாத வருமானம் போல பட்ஜெட்டில் எழுதி, ஆண்டுதோறும் செய்தே தீரவேண்டிய செலவுகளை அதன் தலையில் கட்டுகிறார்களே, அதன்மேல்தான்.

1998இல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து சிகரெட் பாக்கெட்டுக்கு 50 சென்ட் கூடுதல் வரி கொண்டுவந்தார்கள். பள்ளி வயதை எட்டாத சிறு குழந்தைகளின் நலனுக்காக அந்தப் பணம். நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் புகைப்பவர்கள் குறையக் குறைய நிதியும் சுருங்கியது. குழந்தைகளின் தேவை சுருங்கவில்லையே! பெரியவர்கள் சிகரெட்டை விட்டால் குழந்தைகளுக்குப் போகும் பணம் குறையும் என்பது எந்த ஊர் நியாயம்?

இதைவிட மோசமானது இன்னொன்று. அதே 1998இல் அமெரிக்காவின் 46 மாநிலங்கள் சிகரெட் நிறுவனங்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டன. புகைத்து நோயுற்றவர்களுக்கு அரசு செலவழித்ததற்கு ஈடாக, நிறுவனங்கள் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். விற்பனை குறைந்தால் அந்தத் தொகையும் குறையும். சில மாநிலங்கள் வரப்போகும் பணத்தைக் காட்டி, கடன் பத்திரம் விற்று, முன்கூட்டியே செலவழித்துவிட்டன. 2003இல் இல்லினாய்ஸ் மாநில நீதிமன்றம் ஒன்று, அந்தச் சிகரெட் நிறுவனங்களில் ஒன்றான பிலிப் மோரிஸ் மீது ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக்குக் கட்டவேண்டிய பிணைத்தொகை 1,200 கோடி டாலர். அதைக் கட்டினால் மாநிலங்களுக்குத் தரவேண்டிய பணம் தடைபடலாம் என்றது நிறுவனம். உடனே முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள், பிணையைக் குறையுங்கள் என்று நீதிமன்றத்திடம் கேட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிறுவனத்தையே கூண்டில் ஏற்றிய மாநிலங்கள் இவை! யாரும் லஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பட்ஜெட்டே அவர்களை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது.

ஆஸ்திரேலியாவிலும் 2019-20இல் 1,600 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியிருந்த புகையிலை வரி, நான்கே ஆண்டுகளில் 1,000 கோடிக்குக் கீழே இறங்கிவிட்டது. பலர் புகைப்பதை விட்டது ஒரு காரணம் என்றால், கள்ளச்சந்தை பெருத்தது இன்னொரு காரணம். (கள்ளச்சந்தையைக் காட்டி வரியைக் குறை என்று நிறுவனங்கள் கேட்பதை நான் ஏற்கவில்லை. கடத்தலைப் பிடிப்பது அரசின் வேலை.)

இந்த வரியைக் கட்டுபவர்கள் யார் என்றும் பாருங்கள். உலகில் புகையிலை பயன்படுத்துபவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். விடமுடியாமல் தவிக்கும் ஏழையிடம் வாங்கும் பணம் முதலில் அவன் விடுவதற்கு உதவ வேண்டும். இலவச ஆலோசனை, தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டைகள், மாத்திரைகள், புற்றுநோய்ப் பரிசோதனை எல்லாம் அதிலிருந்து வரட்டும். மிச்சமிருந்தால் கட்டடம், கருவி போன்ற ஒருமுறைச் செலவுக்குப் போகட்டும். சம்பளமும் ஓய்வூதியமும் பள்ளிச் செலவும் பொது வரியிலிருந்து வரவேண்டும். அடுத்த பத்து ஆண்டுகளில் புகையிலை வருவாய் எவ்வளவு குறையும், அந்தப் பள்ளத்தை எந்த வரியால் நிரப்பப்போகிறோம் என்பதை ஒவ்வொரு அரசும் பட்ஜெட்டிலேயே எழுதிக் காட்டட்டும்.